என் இடுப்பில் இருந்த பிள்ளைகள்

மற்ற வேலைகளை நன்றாகச் செய்தால் வேலை நிலைக்கும். பிள்ளை வளர்க்கும் ஆயா வேலையை நன்றாகச் செய்தால் பிள்ளை வளர்ந்துவிடும், வேலை போய்விடும். கைகால் திடமாகி, நாலு வார்த்தை பேசி, தானே சோற்றை அள்ளிச் சாப்பிடுகிற அளவுக்கு ஒரு பிள்ளையை ஆக்கிவைத்தோமானால், "இனிமே நீ வேணாம் ஆயா" என்று சொல்லிவிடுவார்கள். பெற்றவளுக்கும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் தாமதமாக. ஆகையால் இதைப் படிக்கிற தாய்மார்கள் என்னை வேற்றாளாக நினைக்க வேண்டாம். நாமெல்லாம் ஒரே கிடங்கு வாசலில் கூலிக்கு நிற்கிறவர்கள்தான்.

நான் ஆம்பூர்க்காரி. பேர் சுகிர்தம். மிஷன் பள்ளியில் நாலாவது வரைக்கும் வாசித்தேன். என் வீட்டுக்காரருக்குத் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தொட்டியில் ஊறின தோலை இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்துப் போடுவார். ஜெர்மன் சண்டை வருவதற்கு முந்தின வருஷம் அவர் கழுத்தில் ஒரு கறுப்புக் கொப்புளம் கிளம்பியது. தோல் வேலைக்காரர்களுக்கு வருகிற கொப்புளம் அது. வந்தால் அது போகாது, ஆளைத்தான் கொண்டுபோகும். அவரையும் கொண்டுபோயிற்று. அப்போது என் மகள் கிருபை தவழ்ந்துகொண்டிருந்தாள்.

பங்களாவில் சேர்ந்தது

வேலூரில் கோட்டைக்கு அந்தப்புறம் ஒரு பங்களாவில் ரோடு போடுகிற இஞ்சினீர் துரை இருந்தார். அவருடைய துரைசானிக்குப் பிரசவமாகி ஒரு மாதம். ஆயா தேடுகிறார்கள் என்று எங்கள் பாதிரியாரின் சம்சாரம் சொல்லியனுப்பினாள். கிருபையை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். பின்கட்டில் பட்லர் அந்தோணி என்னை நிறுத்தி நகத்தைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். "பால் குடிக்கிற புள்ளயா?" என்றார். "ஆமாங்க, என் பால்தான்" என்றேன். "அப்ப புள்ள வளக்கத் தெரிஞ்சவதான்" என்று சொல்லி உள்ளே போய்க் கேட்டுவந்தார். வேலை கிடைத்தது. கிருபையை ஆம்பூரில் என் அக்கா ஞானம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன்.

பங்களாவில் தாய்ப்பால் கிடையாது. சீமையிலிருந்து வந்த டின் பாலைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மணி ஆவதற்கு முன்னால் பிள்ளை அழுதால் அழவிட வேண்டும். அது அழும்போதெல்லாம் என் ரவிக்கை நனைந்தது. யார் பெற்ற பிள்ளை என்பதெல்லாம் உடம்புக்குத் தெரிகிறதில்லை. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். கொஞ்ச நாளில் நனைவது நின்றது. ஆம்பூரில் கிருபையும் கேழ்வரகுக் கஞ்சிக்குப் பழகிவிட்டாள்.

சேர்வதற்கு முன்னால் அந்தோணியிடம் ஒரு வார்த்தை கெஞ்சிக் கேட்டுப்பார்த்தேன். "என் புள்ளயும் ஒரு மூலையில இருந்துட்டுப் போவட்டுமே, அது பாட்டுக்குத் தூங்கும்" என்றேன். அவர் கெட்டவர் அல்ல. கிருபையின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கேட்காமலே பதில் சொன்னார்: "புள்ள பெத்தவளாப் பாத்து இட்டாரச் சொன்னாங்க, பெத்த புள்ளய இட்டாரக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்கம்மா."

வெயில் என்று சொன்னார்கள்

துரைசானி சின்னப் பெண். பிள்ளையைக் கொண்டுபோய் மடியில் வைத்தால், யாரோ வீடு மாறி இறக்கிவிட்டுப் போன மூட்டையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். டாக்டர் வந்து, இந்த ஊர் வெயில்தான் காரணம் என்றார். துரை எங்களை ஏலகிரி மலைக்கு அனுப்பினார். டோலியில் தூக்கிப்போனார்கள். மலைமேல் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் அங்கேயும் அறைக்கு நாலு சுவர் இருந்தது. அதில் ஒன்றைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளைக்காரிக்குப் பாசம் கிடையாது என்று சமையற்காரர் சொன்னார். தோட்டக்காரரும் அதையே சொன்னார். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் ஆம்பூரில் எங்கள் தெருவில் தாயாரம்மா என்று ஒருத்தி, மூன்றாவது பிள்ளை பிறந்தபின் இதே மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்தாள். எங்கள் தெருவில் அதற்குப் பேய் என்று பேர் வைத்து வேப்பிலையால் அடித்தார்கள். பங்களாவில் வெயில் என்று பேர் வைத்து மலைக்குத் தூக்கிப்போனார்கள். உனக்கு உடம்பு எப்படியிருக்கிறது, மனசு எப்படியிருக்கிறது என்று இரண்டு பேரையும் கேட்டவர் கிடையாது.

ஒரு மத்தியானம் நான் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டிப் படுத்திருந்தவள் தன் அரைகுறைத் தமிழில், சுவரிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "ஆயா, துரை வந்தா, பேபி நல்லாயிருக்கா கேக்குது. டாக்டர் வந்தா, பேபி நல்லாயிருக்கா கேக்குது. என்னை ஒருத்தரும் கேக்கல."

ஞானம்மா அக்கா

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவர், பிள்ளை வேண்டும் என்று அங்கேயே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்கா, தோலைப் பதம் பண்ணுகிற ஆவாரம்பட்டையை உரித்துக் கட்டித் தோல்ஷாப்புக்குப் போட்டுப் பிழைத்தாள். தெருவில் அவளுக்குப் பேர் மலடி. கிருபை அவளிடம் போன பிறகாவது அந்தப் பேர் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. பக்கத்து வீட்டில் ஒருத்தி பிள்ளை பெற்றிருந்தாள். நான் லீவில் வந்திருந்தபோது அக்காவும் நானும் பார்க்கப் போனோம். கிருபை அக்காவின் இடுப்பில் இருந்தாள். எங்களைக் கண்டதும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி முந்தானையை இழுத்துத் தன் பிள்ளையின் முகத்தை மூடினாள். "அவளும் புள்ள வளக்கறவதானே" என்றேன். "வளக்கறது வேற, பெக்கறது வேற" என்றாள். "அப்ப பெத்த நான் பாக்கறேன், காட்டு" என்றேன். "பெத்துப்புட்டு வெள்ளக்காரன் ஊட்டுக்கு ஓடினவதான நீ" என்றாள். அந்தத் தெருக் கணக்கில் எங்கள் இரண்டு பேரையும் கூட்டினாலும் ஒரு தாய் தேறவில்லை.

கிருபைக்குப் பேச்சு வந்தபோது அக்காவை அம்மா என்றாள். என்னைச் சின்னம்மா என்றாள். நான் வாங்கிவந்த பொம்மையை வாங்கிக்கொண்டு, அக்காவின் புடவைக்குப் பின்னால் போய் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். தூக்கப் போனால் கத்தினாள். அக்கா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அதை நான் கவனித்தேன். நான் கவனித்ததை அவளும் கவனித்தாள். ரயிலுக்கு நேரமாகிப் புறப்பட்டபோது வாசல் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பெத்ததுனு சொல்லு, ஒத்துக்கறேன். ஊரக் கூட்டிச் சொல்லு, அதுக்கும் ஒத்துக்கறேன். இட்டுனு போறேன்னு மட்டும் சொல்லாதடி."

டாமி பேசின பாஷை

துரைசானி மெல்ல மெல்லச் சுவரைவிட்டுத் திரும்பினாள். பிள்ளைக்குப் பேர் டாமி. சண்டை நடந்த வருஷங்களில் கப்பல் போக்குவரத்து சரியில்லாததால் அவனைச் சீமைக்கு அனுப்பவில்லை. பாலாற்று மணலிலும் என் மடியிலும் வளர்ந்தான். அவனுக்கு வந்தது என் பாஷை. "பேஜார் பண்ணாத ஆயா" என்பான். துரை பந்து விளையாடக் கூப்பிட்டால் "இன்னாத்துக்கு?" என்பான். அவனோடு பேசுவதற்காகவே துரைசானி என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் விருந்துக்கு வந்த துரைமார் முன்னால் டாமி கையால் சோற்றைப் பிசைந்து, "ரசம் ஊத்து" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் அப்பா சிரிக்கவில்லை. சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும், சீமையில் பள்ளிக்கூடத்திலேயே தங்கிப் படிக்க அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. துரைசானியைக் கேட்கவில்லை. அவள் சாப்பாட்டு அறையில் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. வார்த்தை புரியவில்லை. கெஞ்சுகிறது புரிந்தது.

காட்பாடி ஸ்டேஷனில் சீமைக்குப் போகிற வேறொரு துரைசானியிடம் அவனை ஒப்படைத்தார்கள். எனக்கும் லீவு விட்டுவிட்டார்கள், அதாவது நிரந்தரமாக. ரயில் நகருகிற நேரத்தில்தான் தாயும் ஆயாவும் கூட வரப்போவதில்லை என்று டாமிக்கு விளங்கியது. ஜன்னலில் முகத்தை வைத்து என்னைப் பார்த்துக் கத்தினான்: "நான் இன்னா தப்பு பண்ணேன், ஆயா? இனிமே ரசம் கேக்க மாட்டேன், ஆயா!" அவ்வளவு வேகமாகச் சொன்ன தமிழ் துரைசானிக்குப் புரியவில்லை. ரயில் போன பிறகும் அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்தாள். "என்ன சொல்லிச்சு, ஆயா? நான் அம்மா. எனக்கும் சொல்லு."

ஆவாரம்பட்டைக் கூடை

பிறகு ஆம்பூரிலேயே ஒரு சாயபு வீட்டில் வேலை கிடைத்தது. அக்காவோடு தங்கிக்கொண்டு, கிருபையைத் தினமும் கண்ணால் பார்க்கலாம் என்று போனேன். காலையில் வேலைக்குப் போகும்போது எதிர்வீட்டு முனியம்மாவும் கூட வருவாள். அவளுக்குத் தோல்ஷாப்பில் பட்டை சுமக்கிற வேலை. கைப்பிள்ளையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொட்டகை ஓரமாக வைப்பாள். வைப்பதற்கு முன்னால் துளி அபினை விரலில் தொட்டு அதன் நாக்கில் தடவுவாள். பிள்ளை பொழுது சாயும்வரை கண் திறக்காது. "இப்படிக் குடுத்தா புள்ள தேறுமா?" என்றேன். "குடுக்காட்டி அழுவுது. அழுதா வேலைய வுட்டுப் போடின்றான். வேல போனா எனக்குக் கஞ்சி இல்ல, அதுக்குப் பாலு இல்ல. நான் இன்னாக்கா பண்ணட்டும்?" என்றாள். மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு நர்சம்மா, நீயெல்லாம் ஒரு தாயா என்று அவளைத் திட்டினாள். முனியம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் அவள் கூடையைத் தூக்கப் போனபோது பிள்ளை எழுந்திருக்கவில்லை. ஆற்றங்கரையில் புதைத்தார்கள். அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். நான் கூடவே ஷாப் வாசல் வரைக்கும் போனேன். மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தான். அவனும் நாலு பிள்ளைக்குத் தகப்பன். "இப்ப ஒண்டியாளாத்தான வந்திருக்க? ஒரு நடை ஜாஸ்தி தூக்கு."

ஹாஜிரா பீபி

சாயபு வீட்டுப் பீபியின் பேர் ஹாஜிரா. சாயபு தோல் வியாபாரி; நல்ல மனுஷர். மனைவியைக் கை நீட்டி அடித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. பீபியும் சிரித்த முகம். நான் போனபோது அவளுக்கு உயிரோடு ஐந்து பிள்ளைகள். தங்காமல் போனவற்றை அவளே கணக்கு வைத்திருக்கவில்லை. "சுகிர்தம், எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேந்து இந்த வயிறு எனக்குன்னு ஒரு ரமலானுக்குக்கூடக் காலியா இருந்ததில்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். மருதாணி வைக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். பாதியில் ஏதாவது ஒரு பிள்ளை அழும், எழுந்து போய்விடுவாள். அவள் கையில் ஒரு தடவையாவது மருதாணி முழுசாகச் சிவந்து நான் பார்த்ததில்லை.

கடைசிப் பிரசவத்தில் பிழைத்ததே பெரிது என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தாள். பீபி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வராம இருக்க அந்த டாக்டரம்மா கிட்ட மருந்து இருக்குமாம். நீ கேட்டு வா" என்றாள். போய்க் கேட்டேன். புருஷனை வந்து சம்மதம் சொல்லச் சொல் என்றாள் டாக்டர். சாயபு மிகவும் பணிவாக, "ஆண்டவன் குடுக்கறத வேணாம்னு சொல்ல நாம யாரு?" என்றார். எங்கள் பாதிரியாரைக் கேட்டேன். அவரும் அந்த வார்த்தையையேதான் சொன்னார். வேலூர் லாங் பஜாரில் எனக்குத் தெரிந்த ஒரு செட்டியாரம்மா தன் வீட்டுக் குருக்களைக் கேட்டுப் பார்த்தாளாம். அங்கும் அதே பதில். மற்ற எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத மூன்று பேரும் எங்கள் வயிற்று விஷயத்தில் ஒரே வார்த்தை பேசினார்கள்.

அடுத்த தடவை பீபி சுமந்தபோது முகம் வெளுத்து, கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் என் மடியில் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள்: "கபர்க் குழில ஒத்தையாத்தான படுக்க வைப்பாங்க? அங்கயாவது பக்கத்துல ஒண்ணு அழாம நிம்மதியாத் தூங்கணும்." நான் அவள் வாயைப் பொத்தினேன். வலி கண்டது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். ஜும்மா தொழுகைக்குப் போன சாயபு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளையும் பிழைக்கவில்லை. அவள் உடலைக் குளிப்பாட்ட வந்த வயசான அம்மா ஒருத்தி, பிள்ளையையும் வெள்ளைத் துணியில் சுற்றி அவள் பக்கத்திலேயே வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே கபர். அந்த அம்மா எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள்: "அழுவாத தாயி. பிரசவத்துல மௌத்தானவ ஷஹீதுக்குச் சமம், மார்க்கத்துக்காக உசிரு குடுத்தவங்களுக்குச் சமம். குடுத்து வச்சவ, புள்ளயத் தனியா வுடாம கூடவே இட்டுனு போய்ட்டா."

வெள்ளிக் கோப்பை

அதற்கப்புறம் மறுபடியும் வேலூர். லாங் பஜாருக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீல் முதலியார் வீடு. அவர் கூட்டங்களில் பேசுகிறவர். தாய்க்குலத்தின் மேன்மை பற்றி அவர் பேசினால் கேட்கிறவர்கள் கண் கலங்கும் என்பார்கள். அந்தப் பேச்சை அவர் வீட்டில் எழுதும்போது பிள்ளைச் சத்தம் கேட்கக் கூடாது. நானும் அவர் மனைவி கமலமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்திருப்போம். கமலத்துக்குப் படிப்பில் ஆசை. மளிகைச் சாமான் கட்டிவந்த காகிதத்தை விரித்துத் தேய்த்துப் படிப்பாள். பாதியில் கிழிந்த கதைகளுக்கு என்னிடம் முடிவு கேட்பாள்.

இரண்டாவது பிள்ளைக்கு அவளிடம் பால் இல்லை. பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து பொன்னி என்று ஒருத்தியைப் பால் கொடுக்க அழைத்துவந்தார்கள். அவளுடைய பிள்ளை மூன்று மாதக் குழந்தை, மாமியாரிடம் விட்டுவந்தாள். வக்கீல் வீட்டுப் பிள்ளை பூசணி மாதிரி உருண்டது. பொன்னியின் புருஷன் எப்போதாவது அவள் பிள்ளையைக் கொண்டுவந்து வாசலில் காட்டுவான். வயிறு மட்டும் பெரிதாக, கழுத்து நிற்காமல், சத்தம் இல்லாமல் இருக்கும். பொன்னி தூரத்திலிருந்து பார்ப்பாள். பால் பங்காகிவிடும் என்று தொட விடமாட்டார்கள். கமலம் அந்த நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

டவுனில் குழந்தைக் காட்சி வைத்தார்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் பரிசு. வெள்ளிக் கோப்பை எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வந்தது. வக்கீல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொன்னியும் நானும் கமலத்தின் பின்னால் நின்றோம். பரிசு கொடுத்த பெரிய மனுஷி கமலத்தின் கன்னத்தைத் தட்டி, "மற்ற தாய்மாருக்கும் தெரியட்டும், என்ன ஆகாரம் கொடுத்து வளர்த்தாய்?" என்று கேட்டாள். கமலம் கோப்பையைப் பார்த்தாள். திரும்பிப் பொன்னியைப் பார்த்தாள். மெல்லிய குரல்தான், ஆனால் கூட்டம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "இவ குழந்தையோட சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தேங்க."

கிருபையின் கல்யாணம்

கிருபை படித்தாள். மிஷன் போர்டிங்கில் இருந்து டீச்சர் டிரெயினிங் முடித்து, திருப்பத்தூரில் ஒரு பெண் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கரும்பலகையில் எழுதுவதை ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வயிற்றில் பிறந்தவள் இவள் என்று பக்கத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, யாரும் இல்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவள் வேண்டாம் என்றாள். ஏன் என்று அக்கா அழுதுகொண்டே கேட்டாள். "ஒருத்தி பெத்தீங்க, ஒருத்தி வளத்தீங்க. ரெண்டு பேருல யாரு நல்லா இருந்தீங்கன்னு சொல்லுங்க, நான் பண்ணிக்கறேன்" என்றாள்.

பதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அங்கே தலைமை வாத்தியாருக்கு மனைவி செத்து மூன்று பிள்ளைகள். அவரைக் கட்டிக்கொள், தாயில்லாப் பிள்ளைகளை நினைத்துப்பார் என்றார்கள் மிஷன்காரர்கள். இது ஊழியம் என்றார்கள். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக வேலையில் வைத்திருந்தால் பேச்சு வருகிறது என்றும் சொன்னார்கள். அவள் ஒரு வருஷம் மறுத்துப் பார்த்தாள். பிறகு வகுப்பைப் பிடுங்கி வேறொருத்திக்குக் கொடுத்து, இவளைச் சும்மா உட்கார வைத்தார்கள். அதற்குமேல் அவளால் முடியவில்லை, சம்மதித்தாள். கல்யாணத்தன்று கோயிலில் பாதிரியார், "பெண்ணின் தாயார் முன்னால் வரலாம்" என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். கல்யாணமானதும் அவளுக்குப் பள்ளியில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போன வருஷம் திருப்பத்தூர் போனேன். கடைசிப் பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. நடுப்பிள்ளைக்குக் காய்ச்சல். மூத்தது, "நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல" என்று கத்திவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடிற்று. அவள் குனிந்து சிந்தின சோற்றை வாரினாள். நான் கூட வாரினேன். அவளுக்கும் ஆறு மாதம் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்: பழகிவிடும், பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றேன். கிருபை நிமிர்ந்தாள். கோபம் இல்லை, சோர்வுதான். "உன் வேலதான் எனக்கும் கெடச்சிருக்கு, சின்னம்மா. உனக்குச் சம்பளம் குடுத்தாங்க, லீவு குடுத்தாங்க, புள்ள பெரிசானா போன்னு வுட்டாங்க."

இத்தனை வீட்டுப் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: தாயைத் தெய்வம் என்று சொல்லாத ஜாதியையும் மதத்தையும் நான் கண்டதில்லை, தெய்வத்துக்குப் பசிக்குமா என்று கேட்ட வீட்டையும் கண்டதில்லை.